மலையேறிய ஜெராக்ஸும் பொட்டலத்தில் வந்த ஆதாரும்

2023-ஆம் ஆண்டு ஆடி மாதம், வல்வில் ஓரி விழாவுக்கு முந்தின வாரம், பாக்கி வசூலுக்காகக் கொல்லிமலை ஏறினோம். எங்களுக்கு அடிவாரத்தில் மொத்த வியாபாரம். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை மேலே போகும். மிளகு, காப்பிக்கொட்டை, சாமை, தினை கீழே வரும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எத்தனை ஆயிரம் முறை ஏறி இறங்கியிருப்போம் என்று கணக்கில்லை.

சோளக்காட்டில் எங்கள் வாடிக்கைக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் ஓர் அம்மாளுக்கு ஐம்பது கிராம் கடுகு மடித்துக் கொடுத்தார். மடித்த தாளில் ஒரு பெண்மணியின் முகம் தெரிந்தது. என்ன தாள் என்று வாங்கிப் பார்த்தோம். ஆதார் அட்டையின் ஜெராக்ஸ். பன்னிரண்டு இலக்கமும், பிறந்த தேதியும், ஊரும், தகப்பனார் பெயரும், கீழே பேனாவால் போட்ட கையெழுத்தும் அப்படியே இருந்தன.

"ஏதப்பா இந்தத் தாள்?" என்றோம்.

"பழைய பேப்பர் கடையில எடுத்ததுங்கண்ணே. நியூஸ் பேப்பர்ல மடிக்கக் கூடாதுன்னு ஆபீசர் சொல்லிட்டுப் போனாருங்க. அதான் நல்ல வெள்ளைத் தாளாப் பாத்து வாங்கியாந்தேன்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளின்படி செய்தித்தாளிலும் அது போன்ற தாளிலும் உணவுப் பண்டத்தை மடித்துக் கொடுக்கக் கூடாது. மை உணவில் ஒட்டும் என்பது காரணம். நம் மனிதர் செய்தித்தாளை விட்டுவிட்டு ஜெராக்ஸ் தாளுக்கு மாறியிருக்கிறார். அதிலும் கருப்புப் பொடி இருக்கத்தான் செய்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பலகைக்குக் கீழே இருந்த கட்டை எடுத்துப் புரட்டினோம். ஜாதிச் சான்றிதழ், சிட்டா, வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், ரேஷன் கார்டு, ஏழெட்டு ஆதார். எல்லாம் யாரோ எதற்கோ கொடுத்த நகல்கள். இன்னும் கொஞ்சம் புரட்டியபோது கை நின்றுவிட்டது. ஒரு தாளில் எங்கள் கடை முத்திரையே இருந்தது.

கட்டை எடை போடச் சொல்லி, காசு கொடுத்து, நாங்களே வாங்கிக்கொண்டு இறங்கினோம். கீழே வந்து சேரும் வரை யாரும் பேசவில்லை.

அந்தத் தாள் அங்கே எப்படிப் போயிற்று என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மிளகு பறிப்புக்கு முன்பு மலையிலுள்ள விவசாயிகளுக்கு முன்பணம் கொடுப்பது எங்கள் வழக்கம். முன்பெல்லாம் பேரேட்டில் எழுதி, கைநாட்டு வாங்கிக்கொள்வோம். ஆதார் வந்த பிறகு, எல்லோரும் வாங்குகிறார்களே என்று நாங்களும் ஒரு நகல் வாங்கி அதன் மேல் முத்திரை குத்தி வைத்துக்கொண்டோம். யாரும் வாங்கச் சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்குக் கிடங்கைச் சுத்தம் செய்தபோது, பழைய கட்டுகள் 28 கிலோ எடைக்குப் போயின. போட்டது வேலை செய்யும் பையன். போடச் சொன்னது நாங்கள். கிலோ பதினைந்து ரூபாய் என்று கல்லாவில் வரவும் வைத்திருக்கிறோம்.

இதை எழுதக் காரணம், நம் சங்க உறுப்பினர்களில் பாதிப் பேர் இன்று மளிகையோடு ஒரு ஜெராக்ஸ் இயந்திரத்தையும் கடை மூலையில் வைத்திருக்கிறோம். மலைமேல் சொல்லவே வேண்டாம். செல்போன் ரீசார்ஜ், பணம் எடுப்பது, ஜெராக்ஸ், பிரிண்ட் எல்லாம் ஒரே கடையில்தான். இரண்டு ரூபாய் வேலை என்று நினைக்கிறோம். அந்த வேலையின் தன்மை நமக்குத் தெரியாமலே மாறிவிட்டது.

எங்கள் இளவயதில் நகல் என்றால் கார்பன் தாள். அதையும் விட்டால் சைக்ளோஸ்டைல். ஜெராக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பெயர். கிரேக்க மொழியில் 'உலர்ந்த எழுத்து' என்ற பொருளில் வந்த சொல்லிலிருந்து எடுத்தது. செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் 1938-இல் கண்டுபிடித்த முறை அது. 914 என்ற அதன் முதல் பெரிய இயந்திரம் 1959-இல் வந்தபோது எடை ஏறக்குறைய 300 கிலோ. சில சமயம் தாள் தீப்பற்றும் என்பதால் தீயணைப்பானும் சேர்த்தே கொடுத்தார்களாம். அதைக் கொல்லிமலைக்கு ஏற்றியிருந்தால் லாரிக்காரர் என்ன வாடகை கேட்டிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறோம்! நம் நாட்டில் 1983-இல் மோடி ஜெராக்ஸ் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல் தெருவுக்கு வந்தது. மலையிலிருந்து ஒரு நகலுக்காகச் சேந்தமங்கலம் வரை பஸ் ஏறி வந்து, எங்கள் கடைத் திண்ணையில் பையை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. நகலுக்கு ஆகும் செலவைவிடப் பஸ் கட்டணம் அதிகம். ஒரு நாள் கூலியும் போகும்.

அந்தப் பழைய இயந்திரத்தில் ஒரு நல்ல குணம் இருந்தது. வெளிச்சம் தாளில் பட்டுக் கண்ணாடி வழியாக உருளையில் விழும். உருளையில் மின்னூட்டம் இருக்கும் இடத்தில் கருப்புப் பொடி ஒட்டும். பொடி தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் பதியும். உடனே உருளை துடைக்கப்பட்டு அடுத்த தாளுக்குத் தயாராகிவிடும். முந்தின தாளில் என்ன இருந்தது என்று அந்த இயந்திரத்திடம் யாரும் கேட்க முடியாது. கேட்டாலும் அதற்குத் தெரியாது.

இன்று கடையில் இருப்பது அந்த ஜாதி அல்ல. அது முதலில் தாளைப் படம் பிடிக்கிறது. படத்தை எண்களாக மாற்றித் தன்னுள் வைக்கிறது. அதைப் பார்த்துத்தான் அச்சடிக்கிறது. பெரிய அலுவலகங்களில் ஓடும் இயந்திரங்களில், கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஹார்டு டிஸ்க் உண்டு. அச்சடித்து முடிந்த பிறகும் படம் அதில் தங்கக் கூடும். மேசை மேல் வைக்கும் சிறிய இயந்திரங்கள் பலவற்றில் டிஸ்க் கிடையாது. மின்சாரம் நின்றால் நினைவும் போய்விடும். எல்லா இயந்திரத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எது எந்த வகை என்று நம்மில் எத்தனை பேர் விற்றவரிடம் கேட்டோம்?

நாங்கள் கேட்கவில்லை. சேலத்தில் ஒரு வியாபாரியிடம், வேறெங்கோ ஓடி வந்த பெரிய இயந்திரம் ஒன்றை, புதிய விலையில் நாலில் ஒரு பங்குக்கு வாங்கினோம். சரக்கு விலைப்பட்டியல் அடிக்கவும், பில் நகல் எடுக்கவும் வசதியாக இருக்கும் என்ற எண்ணம். கொஞ்ச நாள் கழித்து எங்கள் பேரன் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். "தாத்தா, இதுல யாரோ சம்பளக் கணக்கு இருக்கு" என்றான். பொத்தானை அழுத்தினான், வந்து விழுந்தது. முன்பு அதை வைத்திருந்த அலுவலகத்தில் யார் யாருக்கு என்ன சம்பளம், எந்த வங்கியில் எந்தக் கணக்கு எண் என்று நான்கு பக்கம். சேமித்து வைத்த வேலைகள் என்ற பகுதியில் இன்னும் பல இருந்தன. விற்றவரிடம் கேட்டோம். "அது கெடக்குதுங்க, இடத்தையா அடைக்குது?" என்றார்.

எங்களிடம் வந்தது யாருடையதோ. நாளைக்கு இந்த இயந்திரத்தை நாங்கள் விற்றால் போவது எங்கள் வாடிக்கையாளர்களுடையது.

அமெரிக்காவில் இது பெரிய செய்தியாகவே வந்திருக்கிறது. 2010-ஆம் ஆண்டு சி.பி.எஸ். தொலைக்காட்சியினர் நியூஜெர்சியில் ஒரு கிடங்கிலிருந்து நான்கு பழைய நகல் இயந்திரங்களை வாங்கி, டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார்கள். தலைக்கு முந்நூறு டாலர் போல விலை. இரண்டு பஃபலோ நகரக் காவல் துறையுடையவை. ஒன்றில் புகார்களின் விவரமும், மற்றதில் போதைப் பொருள் சோதனைக்குக் குறித்து வைத்திருந்தவர்களின் பட்டியலும் இருந்தன. இன்னொன்றில் ஒரு கட்டடக் கம்பெனியின் சம்பளச் சீட்டுகளும் செக் நகல்களும். மற்றொன்று அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தது. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் அப்படியே இருந்தன. 3,44,579 பேருடைய விவரம் வெளியே போயிருக்கலாம் என்று அந்த நிறுவனமே கணக்குக் கொடுத்தது. 2013-இல் 12,15,780 டாலர் கட்டித்தான் அரசோடு வழக்கைத் தீர்த்தது. அவர்கள் திருடவில்லை, விற்கவில்லை. வாடகை இயந்திரத்தைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எங்கள் 28 கிலோவுக்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

நம் தொழிலுக்கு நேராக வந்து இடிக்கும் இன்னொரு சங்கதியும் உண்டு. 2013 ஆகஸ்டில் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியர் ஒன்றைக் கண்டுபிடித்தார். கட்டட வரைபடம் ஒன்றைச் ஜெராக்ஸ் கம்பெனியின் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தால், அறைகளின் அளவு மாறி வந்தது. 21.11, 17.42 என்று இருக்க வேண்டிய அறைகளிலும் 14.13 என்றே விழுந்தது. மங்கலாக அல்ல, பளிச்சென்று. இடத்தை மிச்சப்படுத்த, தாளில் ஒன்று போலத் தோன்றும் எழுத்துகளை ஒரே படமாக வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் அதையே பதிக்கும் முறை அது. 6-ஐயும் 8-ஐயும் ஒன்று என்று நினைத்துவிட்டால் 6 இருந்த இடத்தில் 8 வரும். கம்பெனி பிறகு அதைச் சரி செய்யும் மென்பொருளைக் கொடுத்துவிட்டது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பழைய இயந்திரத்தில் எண் தெரியாவிட்டால் தெரியாது. அசலைக் கொண்டா என்போம். புதியது தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டிவிட்டது. மிளகு கிலோ 610 என்பது 810 ஆனால் யார் பொறுப்பு? எங்கள் கணக்குப்பிள்ளை இன்றும் சிறிய எழுத்து விலைப்பட்டியலை நகல் எடுத்தால் அசலோடு ஒத்துப் பார்த்து டிக் போடுகிறார். சின்னவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இனி வாட்ஸ்அப். செம்மேட்டில் ஜெராக்ஸ் வைத்திருக்கும் தம்பி ஒருவரின் செல்போனை வாங்கிப் பார்த்தோம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று ஜனங்கள் அனுப்பிய ஆதார், பான், பத்திரம், கல்லூரிச் சான்றிதழ், மருத்துவ ரிப்போர்ட் என்று இரண்டு வருடத்துக் குவியல். "அழிக்கிறதில்லையா?" என்றால், "மறுபடியும் வந்து கேப்பாங்கண்ணே, அப்ப எங்க போறது?" என்கிறார். நல்ல மனதுடன்தான் வைத்திருக்கிறார். அந்த போன் பஸ்ஸில் விட்டுப் போனால் மலையில் பாதிக் குடும்பங்களின் குடுமி எவன் கையிலோ.

2022 மே 27-ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஓர் எச்சரிக்கை விட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், பொதுக் கம்ப்யூட்டரில் இறக்கினால் அழித்துவிடுங்கள் என்றார்கள். நாடே பதறியது. இரண்டே நாளில், மே 29 அன்று, மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிக்கொண்டு, வழக்கமான எச்சரிக்கையோடு நடந்தால் போதும் என்றது. எங்களைக் கேட்டால் முதலில் சொன்னதுதான் சரி. வாபஸ் வாங்கினாலும் மாஸ்க்டு ஆதார் வசதி இருக்கிறது. கேட்டு வருபவருக்கு அதை எடுத்துக் கொடுப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நகல் ஒன்றை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. கூலி வேலை செய்பவர் பெயரில் கம்பெனி நடப்பதாக லட்சக்கணக்கில் ஜி.எஸ்.டி. பாக்கி நோட்டீஸ் வந்த செய்திகளை நாமே பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். போலிப் பதிவுகளைப் பிடிக்க 2023-இலும் 2024-இலும் நாடு முழுவதும் தனிச் சோதனையே நடத்தினார்கள். தெலங்கானாவில் 2018-இல் பிடிபட்ட ஒரு சிம் கார்டு வியாபாரி, நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைகளைப் பதிவுத் துறை இணையதளத்திலிருந்து எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு செய்யும் இயந்திரத்தில் போலி ரேகை செய்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டு இயக்கியிருந்தார். ரப்பர் ஸ்டாம்பு! நம் கடை முத்திரை செய்யும் அதே சாமான். மலையில் வயதானவர்கள் பலர் இன்றும் கைநாட்டுத்தான். புரோநோட்டிலும் அதைத்தான் வாங்குகிறோம். அந்தப் பெருவிரலை வைத்துத்தான் அவர்கள் பென்ஷன் பணமும் எடுக்கிறார்கள்.

2024 தை மாதம் எங்களுக்கு மிளகு போடும் பெரியவர் ஒருவர் மூட்டையோடு வந்தார். எடை போட்டு முடிந்ததும் போகாமல் நின்றார்.

"என்னங்க பெரியவரே?"

"எம் பேர்ல ஏழு போனு இருக்குதாமுங்க மொதலாளி. பேரன் ராசிபுரத்துல படிக்கிறான், அவன் பாத்துச் சொன்னான். எங்கிட்ட இருக்கறது இந்த ஒண்ணு தானுங்க" என்று பித்தான் போனை எடுத்துக் காட்டினார். "போலீசு வருமுங்களா?"

பேரன் பார்த்தது 2023-இல் வந்த 'சஞ்சார் சாத்தி' என்ற மத்திய அரசு இணையதளம். நம் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று அதில் தெரிந்துகொள்ளலாம். நமதல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். எங்கள் கடையில் உட்கார்ந்தே ஆறு எண்களுக்கும் புகார் போட்டோம். போலீஸ் வரவில்லை. எண்கள் நின்றன.

ஆனால் அவருடைய ஆதார் நகலும் எங்கள் பழைய கட்டில் இருந்தது. அது அந்த 28 கிலோவில் போனதா, அல்லது அவர் வேறு எங்கோ கொடுத்த தாள் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. அவரிடம் இதைச் சொன்னோம். "நீங்க வேணும்னா செஞ்சீங்க, வுடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது நாங்கள் செய்வது இது. ஜி.எஸ்.டி. சட்டம் கேட்பது பில்லையும் கணக்கையும். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் அவற்றை வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் ஆதார் நகலை அது கேட்கவில்லை. ஆகவே முன்பணத்துக்கு இனி நகல் வாங்குவதில்லை. அட்டையைப் பார்த்துப் பெயரை ஒத்துப்பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அரிசி மூட்டை, பருப்பு மூட்டை எடைக்குப் போகும்போது தாள் கட்டு எதுவும் கூடப் போவதில்லை. கிழித்து, தண்ணீரில் ஊற வைத்துத்தான் போடுகிறோம். கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் நஷ்டம்தான். சேலத்து இயந்திரத்தில், செட்டிங்ஸ் பகுதியில் சேமித்ததை எல்லாம் மேலெழுதி அழிக்கும் வசதி இருந்தது. சர்வீஸ் பையனை வரவழைத்து அதைச் செய்தோம். ஒவ்வொரு நகலுக்குப் பிறகும் தானே அழித்துக்கொள்ளும்படியும் வைத்தார். விற்கும் நாளில் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் விற்போம். அதற்காக விலை குறைத்துக் கேட்பார்கள்.

செம்மேட்டுத் தம்பியிடம், மாலையில் கடை சாத்தும்போது கல்லாவை எண்ணுவது போல வாட்ஸ்அப்பையும், கம்ப்யூட்டரில் டவுன்லோடு பகுதியையும் காலி செய்யச் சொன்னோம். காலரி என்ற பகுதியிலும் படம் தங்கும் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். இரண்டு வாரம் செய்தார், பிறகு மறந்துவிட்டார். மறுபடி சொல்லியிருக்கிறோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது; மிகப் பெரிய தவறுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. அந்தத் தொகை நம் போன்றவர்களுக்கு எழுதியதல்ல. ஆனால் பிறர் விவரத்தைக் கம்ப்யூட்டரிலும் போனிலும் வைத்திருப்பவன் அதைக் காக்க வேண்டும், வேலை முடிந்தால் அழிக்க வேண்டும் என்ற பொறுப்பு கடை சின்னது என்பதற்காக இல்லாமல் போய்விடாது.

உறுப்பினர்கள் தங்கள் பான் எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டுத் தேடிப் பார்ப்பதும் நல்லது. அந்த எண்ணில் எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று உடனே காட்டும். நாங்கள் பார்த்தோம்; எங்களுடையது ஒன்றுதான் இருந்தது.

கிடங்கில் மிச்சமிருந்த நகல்களை ஊர்வாரியாகப் பிரித்து, சரக்கு வண்டி போகும்போதெல்லாம் அவரவரிடமே கொடுத்து வருகிறோம். சிலர் எதற்குத் திருப்பித் தருகிறீர்கள், கணக்கை முடிக்கிறீர்களா என்று பயந்துவிட்டார்கள். உட்கார வைத்து விளக்க வேண்டியிருந்தது. சோளக்காட்டில் வாங்கி வந்த கட்டிலிருந்த கடுகுப் பொட்டலத்து அம்மாளையும் தேடினோம். தாளில் இருந்த ஊரில் கேட்டால் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்னும் 19 பேருடைய தாள்கள் எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. மிளகு போட வரும்போது கொடுத்துவிடுவோம்.